விடுதலையான வழக்கை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா?

கேள்வி: கல்லூரி நாளில் நடந்த அடிதடி வழக்கில் 2019-ல் விடுதலையானேன். இப்போது அரசு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். படிவத்தில் ‘வழக்கு ஏதும் இல்லை’ என்று எழுதலாமா?

பதில்: எழுதவே எழுதாதீர்கள். வழக்கு இருந்ததைவிட அதை மறைத்ததுதான் பலரின் வேலைக்கு உலை வைக்கிறது. ‘எப்போதாவது வழக்குப் பதிவானதா’ என்று கேட்டிருந்தால், விடுதலையாகியிருந்தாலும் பதில் ‘ஆம்’தான். காவல் நிலையம், குற்ற எண், சட்டப்பிரிவு, தீர்ப்புத் தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, சான்றிட்ட நகலை வாங்கி இணையுங்கள்.

தீர்ப்பின் கடைசிப் பத்தியைக் கவனித்துப் படியுங்கள். ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்றிருந்தாலோ, புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னதால்) விடுதலை என்றாலோ, நீங்கள் தேர்வானது காவலர் வேலைக்கென்றால், தமிழகக் காவலர் பணி விதிகள் உங்களை வழக்கில் தொடர்புடையவராகவே கொள்ளும். மிகக் கடுமையான விதி இது. பொதுவாக, 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குத் துணை: அற்ப வழக்கை மறைத்திருந்தால்கூட, குற்றத்தின் தன்மையையும் வயதையும் பார்த்து அதைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் வேலை தருபவருக்கு உண்டு. உண்மையைச் சொன்னவரின் பின்னணியையும் பரிசீலிக்கும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு. உண்மையைச் சொன்னதற்காக வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சம்பவத்தின்போது 18 வயது நிரம்பவில்லையா? அப்படியானால் சிறு வயதுக் குற்றத்தால் பின்னாளில் தகுதியிழப்பு வரக்கூடாது என்னும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவைக் குறிப்பிட்டுத் தனிக் கடிதம் இணையுங்கள்.