குழாய்க் கிணற்று மூடி துருவேறி இறுகிவிட்டால்

முல்லைத்தீவுக் கடலோரத்து அளம்பில் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 2004இல் அவருடைய அப்பா தோட்டக் காணியில் குழாய்க் கிணறு அடித்திருக்கிறார், 2 அங்குல ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாய், சீமெந்துத் தளத்துக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கிறது. 2008 கடைசியில் சண்டையால் இடம்பெயர்ந்தபோது அப்பா பம்பைக் கழற்றிவிட்டு, மரை பழுதாகக் கூடாது, மண் விழக் கூடாது என்று இரும்பு மூடியொன்றை இறுக்கிப் பூட்டிவிட்டுப் போனாராம். அப்பா இப்போது இல்லை. மகன் கச்சான் போடுவதற்குப் புது வோட்டர் பம்ப் வாங்கி வைத்துக்கொண்டு, பைப் றென்ச்சின் பிடியில் நீளக் குழாய் ஒன்றைச் செருகித் தொங்கிப் பார்த்திருக்கிறார். மூடி அசையவில்லை, றென்ச்சின் பல் பட்டு மேல்பக்கம் வழுவழுப்பாகிவிட்டது. சுற்றிவரத் தென்னம் மட்டை அடுக்கி நெருப்பு வைத்தால் இளகுமா என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் அந்த நெருப்பு வேண்டாம். நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். சண்டை நடந்த மண்ணில் தரையோடு தீ மூட்டினால் அடியில் கிடக்கும் எதுவும் சூடேறி வெடிக்கலாம், கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணியென்றாலும் நான் தரையில் தீ வைக்க மாட்டேன். றென்ச் பிடிக்க இடம் வேண்டுமென்று குழாயைச் சுற்றி ஆழமாகத் தோண்டுவதும் அப்படித்தான். தோண்டும்போது இரும்பு, வயர், பச்சை நிறத் தகரம் ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் வந்த வழியே பின்னால் போய் பொலிஸ் 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். மட்டையில் எரியும் நெருப்பு இந்த வேலைக்கு உதவவும் உதவாது, ஏனென்று கீழே சொல்கிறேன்.

மூடி ஏன் இப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம். ஜி.ஐ. குழாயின் மரை நேராக வெட்டப்பட்டதல்ல, 16க்கு 1 என்ற கணக்கில் சரிவாக, கீழே போகப் போகத் தடிப்பாக இருக்கும். ஆகவே மூடியை இறுக்க இறுக்க அது ஆப்பு மாதிரி ஏறி உட்காரும், தண்ணீர் கசியாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மரை வெட்டும்போது நாகப்பூச்சும் போய்விடும், எனவே குழாயில் முதலில் துருப்பிடிப்பது மரைதான். துரு, தான் உருவான இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். மரைக்கு மரை நடுவில் இருந்த கொஞ்ச இடைவெளியையும் அது அடைத்துவிடும். உங்கள் பக்கம் கடல் காற்று வேறு. அந்தக் காலத்தில் சணல் சுற்றிப் பெயின்ற் பூசிப் பூட்டுவார்கள், அது காய்ந்து கல்லாகியிருக்கும். இத்தனையும் சேர்ந்து பிடித்திருப்பதை வெறும் பலத்தால் திருப்பப் பார்த்தால், பலவீனமான இடம் எதுவோ அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். அது மூடியாக இருக்காது. நிலத்துக்குக் கீழே இருக்கும் அடுத்த மூட்டாக இருக்கும்.

இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் இதே மாதிரி மூடியை ஆறடி நெம்புகோல் போட்டுத் திருப்பினேன், சட்டென்று சுழன்றது, சந்தோஷப்பட்டேன், பார்த்தால் மூடியோடு சேர்ந்து குழாயே சுழன்று கீழே, குழாயோடு குழாயைப் பொருத்தும் சொக்கற்றில் கழன்றிருந்தது. அந்தக் கிணற்றை மீட்க முடியவில்லை. மூடி இரும்புக்கடையில் கிடைக்கும் சாமான், கிணறு அப்படியல்ல. எனவே எது செய்தாலும் இரண்டு றென்ச், ஒன்று மூடியில், மற்றது மூடிக்குக் கீழே குழாயில் எதிர்ப்பக்கமாக. கீழே உள்ளதை ஒருவர் அசையாமல் பிடிக்க வேண்டும், அல்லது அதன் பிடியைத் தரையில் அறைந்த முளையில் சாய்த்துவிடலாம். முளை அறையும் இடமும் உங்களுக்குத் தெரிந்த, ஏற்கெனவே கொத்திய மண்ணாக இருக்கட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். கம்பித் தூரிகையால் மூடியின் கீழ் விளிம்பையும் அதற்குக் கீழே தெரியும் மரையையும் பளிச்சென்று தேயுங்கள். சணல் நார் தெரிந்தால் ஊசியால் கிண்டி எடுங்கள். மூடி கழலும்போது இந்த வெளி மரையின் மேலால் ஏறப் போவதில்லை என்றாலும், எண்ணெயோ மெழுகோ உள்ளே போகும் வாசல் இதுதான். அந்த வாசல் கீழ்நோக்கி இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை, மேலே எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் வழிந்து தரைக்குப் போகும், மரைக்குள் ஏறாது.

மண்ணெண்ணெய், டீசல், டபிள்யூடி-40 எல்லாம் துருவை இளக்கும், உழவு இயந்திரத்து நட்டுக்கு நானும் அவற்றைத்தான் போடுவேன். ஆனால் இது தண்ணீர்க் கிணறு. மூடியின் உச்சியில் துளை போட்டு எண்ணெய் ஊற்றச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள், கொஞ்ச மண்ணெண்ணெய் போதும் தண்ணீர் நாட்கணக்காக மணப்பதற்கு. அதற்குப் பதிலாக வினாகிரியில் நனைத்த துணியை விளிம்பைச் சுற்றிக் கட்டி, மேலே பொலித்தீனால் இறுக்கி ஓர் இரவு விடுங்கள், மறுநாள் திரும்ப நனைத்து இன்னோர் இரவு. துருவையும், தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் அந்தப் படிவையும் அது மெல்ல அரிக்கும்.

அப்புறம் தட்டுதல். ஒரு பக்கம் கனமான சுத்தியலை மூடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அறைய வேண்டாம், கதவு தட்டும் அளவை விடக் கொஞ்சம் கூட. சுற்றிச் சுற்றிப் பத்து நிமிடம். அந்த அதிர்வில் துரு உள்ளே வெடித்துப் பொடியாகும். தனிச் சுத்தியலால் அடித்தால் குழாய் வளைந்து அதிர்ச்சி கீழே போய்விடும், எதிரே ஒன்றைப் பிடித்திருந்தால் அது மூடியிலேயே நிற்கும். என் அனுபவத்தில் இறுகிய மூடிகளில் பாதி இதற்கே அசைந்துவிடும், ஆனால் ஆட்களுக்குப் பத்து நிமிடம் பொறுமையாகத் தட்டத்தான் மனம் வருவதில்லை.

அப்படியும் வரவில்லையென்றால் சூடு. உங்கள் 2 அங்குலக் குழாயின் வெளி விட்டம் ஏறக்குறைய 60 மில்லிமீற்றர். மூடியைக் குழாயைவிட 150 பாகை கூடச் சூடாக்கினால் மூடி விட்டத்தில் சுமார் 0.1 மில்லிமீற்றர் விரியும், ஒரு தாளின் தடிப்பு. கேட்கச் சின்னது, ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். கவனியுங்கள், மூடி மட்டும் சூடாக வேண்டும். குழாயும் சேர்ந்து சூடானால் இரண்டும் ஒன்றாக விரியும், ஒரு பயனும் இல்லை, மட்டை நெருப்பு உதவாது என்றது இதனால்தான். குழாய்க்கு ஈரச் சாக்கைச் சுற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டே, காஸ் டோர்ச்சின் நெருப்பை மூடியின் பக்கச் சுவரில் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். கீழே பி.வி.சி. குழாய் தொடங்குகிறது என்று தெரிந்தால் ஈரச் சாக்கு இன்னும் முக்கியம், பி.வி.சி. 80 பாகையிலேயே இளகிவிடும். டோர்ச் இல்லாவிட்டால் கேத்தலில் கொதிநீர் கொண்டுவந்து மெதுவாக ஊற்றலாம், பாதிப் பயன் கிடைக்கும். முன்பு மண்ணெண்ணெய் பூசியிருந்தால் நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் நெருப்பு. ஜி.ஐ. பூச்சு கூடச் சூடானால் வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சல் குளிர் பிடிக்கும், எனவே காற்று வரும் பக்கம் நில்லுங்கள், இரும்பு சிவக்கும்வரை போகாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்து ஓடினால் சூடு போதும்.

இந்த நேரத்தில் மெழுகுதிரி எடுத்து விளிம்பில் தேயுங்கள். உருகிய மெழுகு சூடான இடைவெளிக்குள் தானே மேல்நோக்கி இழுபட்டு ஏறும். கிணற்றுக்குக் கேடில்லாத எண்ணெய் அதுதான். உடனே இரண்டு றென்ச்சையும் மாட்டி, முதலில் ஒரு மயிரிழை இறுக்குகிற பக்கம், பிறகு மேலேயிருந்து பார்க்க இடப்பக்கமாக. கொஞ்சம் அசைந்ததும் முழுவதும் சுழற்றிவிட அவசரப்படாமல் முன்னும் பின்னும் ஆட்டுங்கள், திரும்ப மெழுகு, திரும்ப ஆட்டு. அதிர்ந்த துரு உள்ளேயே சிக்கி மரையைக் கீறாமல் இருக்க இதுதான் வழி. முகத்தை மூடிக்கு நேரே வைக்க வேண்டாம், உள்ளே அடைபட்ட காற்று சூடேறியிருக்கும்.

மூன்று முறை சூடாக்கியும் வராவிட்டால் நான் மல்லுக்கட்ட மாட்டேன். உங்களுக்கு ஒரு சாண் குழாய் வெளியே நிற்கிறதல்லவா? மூடிக்குக் கீழே இரும்பறுக்கும் வாளால் குழாயை நேராக வெட்டிவிட்டு, மரை வெட்டும் டை வைத்திருக்கும் பிளம்பரைக் கூப்பிட்டுப் புது மரை போடுங்கள், 2 அங்குலக் குழாய்க்கு ஓர் அங்குல நீளத்தில் 11 மரை. இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம், பழைய மரை எப்படியும் அரித்துப் போயிருக்கலாம். வெட்டி முடியும் தறுவாயில் மெதுவாகப் போங்கள், மூடித் துண்டை ஒருவர் பிடித்திருக்கட்டும், திறந்ததும் கயிறு கட்டிய துணியை வாய்க்குள் திணித்துவிட்டு மீதித் தூளைத் துடையுங்கள். குழாய்க்குள் விழுந்தது எதுவும் திரும்பி வராது.

பம்பைப் பூட்டுவதற்கு முன் நூலில் ஒரு நட்டைக் கட்டி இறக்கித் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். மேலே வைக்கும் பம்ப் நடைமுறையில் 7 மீற்றர் அளவுதான் உறிஞ்சும், சோளகக் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் நீர்மட்டம் அதற்குக் கீழே போனால் மேலே வைக்கும் எந்தப் பம்பும் வெறும் காற்றைத்தான் இழுக்கும். பூட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பை வலப்பக்கமாக எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள், இடப்பக்கம் சுற்றினால் இறுக்கும்போது சுருண்டு வந்துவிடும், பிறகு காற்று இழுக்கும்.

இத்தனை வருடம் மூடிக் கிடந்த தண்ணீர், முதலில் வருவது செந்நிறமாக இருக்கும், தெளியும்வரை இறைத்துக் கொட்டுங்கள். வாயில் வைத்துப் பார்த்து உப்புக் கரித்தால் பம்பின் வேகத்தைக் குறைத்து இடைவிட்டு இறையுங்கள், கடலோர மணலில் வேகமாக இழுத்தால் கடல் நீர் உள்ளே வரும். குடிக்கவும் போகிறீர்கள் என்றால் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) சொல்லிக் குளோரின் போட்டு, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் சோதித்த பிறகு குடியுங்கள். காலபோகத்தில் பம்பைக் கழற்றி வைக்கும்போது இரும்பு மூடி போடாமல் பி.வி.சி. மூடியை டேப் சுற்றிக் கையால் இறுக்கிவிடுங்கள், அடுத்த சிறுபோகத்துக்குக் கையாலேயே கழலும்.