முட்டுச்சந்தில் முடியும் புறநகர்: கேள்வி பதில்

கேள்வி: மதுரை மாசி வீதிப் பகுதியில் எங்கிருந்தும் எங்கும் நடந்தே போய்விடுகிறோம். ஊருக்கு வெளியே உள்ள புது நகர்களில் ஏன் அது முடிவதில்லை?

பதில்: கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என ஒன்றையொன்று சூழ்ந்த வீதிகளைக் குறுக்குத் தெருக்கள் கோத்து நிற்கின்றன. தேர் சுற்றிவந்து நிலைக்குத் திரும்ப வேண்டிய வீதி, பாதியில் முட்டி நிற்க இயலாது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது எழுந்த வெளி வீதிகளும் அதே சதுரத்தையே பின்பற்றின.

புறநகரிலோ வயல் ஒவ்வொன்றாகக் கைமாறுகிறது. வாங்கியவர் தம் சர்வே எண்ணுக்குள் ஒரு சாலையை இட்டு, இருபுறமும் மனை பிரிக்கிறார். சாலை பக்கத்து வயலின் வரப்போடு நின்றுவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து அந்த வயலும் மனைகளாகும்போது, அதன் சாலை எதிர்த்திசையில் திறக்கிறது. கொல்லைச் சுவருக்கு அப்பால் குக்கர் விசில் அடிப்பது கேட்கும். ஆனால் அந்த வீட்டுக்குப் போக, பிரதான சாலை வரை சென்று சுற்றித்தான் வர வேண்டும்.

கேள்வி: இந்த இணைப்பை அளக்க வழி உண்டா?

பதில்: உண்டு. இரு சந்திப்புகளுக்கு இடையே உள்ள தெருத்துண்டுகளின் எண்ணிக்கையைச் சந்திப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். முட்டுமுனையையும் ஒரு சந்திப்பாகவே கணக்கிட வேண்டும். வரிசைக்கு நான்காக நான்கு வரிசைச் சந்திப்புகள் கொண்ட கட்டத்தில் 16 சந்திப்புகளும் 24 துண்டுகளும் இருப்பதால் விகிதம் 1.5. மரக்கிளை போல் பிரிந்து முடியும் அமைப்பில் அது ஒன்றைத் தாண்டவே தாண்டாது.

கேள்வி: முட்டுச்சந்தில் வண்டிகள் குறைவு, பிள்ளைகள் விளையாடலாம். அதைக் குறை சொல்வானேன்?

பதில்: உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. முட்டுத்தெரு பெரிய தெருவில் சேரும் இடம் முச்சந்திதான், நாற்சந்தி அல்ல. நாற்சந்தியில் வாகனப் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 32, முச்சந்தியில் 9 என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. ஆனால், 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உருவான ராட்பர்ன் குடியிருப்பில் காருக்குத்தான் தெரு முட்டியது. நடப்பவர்களுக்குத் தனிப் பாதைகள் பூங்காவினூடே தொடர்ந்தன. பின்வந்தவர்களில் பலர் முட்டுத்தெருவை மட்டும் எடுத்துக்கொண்டு பாதையை விட்டுவிட்டனர் என்பதே என் வருத்தம்.

கேள்வி: வீடுகள் வந்தபின் இணைக்க முடியுமா?

பதில்: மிகக் கடினம். கட்டடம் மாறினாலும் தெருக்கோடு எளிதில் மாறாது. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் அரசு அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வரன்முறை என்பது மனைக்குச் சட்டத் தகுதி தருமே தவிர, அறுந்த தெருவை ஒட்டவைக்காது. ஆகவே வரைபட நிலையிலேயே கவனியுங்கள்: சாலை எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்கிறதா, அல்லது அதன் முனையில் ஒரு மனை குறுக்கே விற்கப்பட்டிருக்கிறதா? தொட்டு நின்றால், பக்கத்து வயல் மனையாகும் நாளில் இரு சாலைகளையும் சேர்க்கலாம்.