கப்பல் ஏறும் முன் பிட்காயினை என்ன செய்வது?

கேள்வி: கப்பலில் வேலை. திரும்ப 9 மாதம் ஆகும். எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தில்) உள்ள பிட்காயினை அப்படியே விட்டுப் போகலாமா?
- தூத்துக்குடி வாசகர்

பதில்: வேண்டாம். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் திருடுபோனபோது, ஊரில் இருந்தவர்களே பணத்தை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள், நடுக்கடலில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஹார்டுவேர் வாலெட் (பிட்காயினின் சாவியை இணையத்தில் படாமல் வைத்திருக்கும் சிறு கருவி) வாங்குங்கள். அது தரும் மீட்புச் சொற்களை (பெரும்பாலும் 24) காகிதத்தில் எழுதி, முதலில் சிறு தொகை மட்டும் அனுப்பி, கருவியில் உள்ளதை ரீசெட் செய்து அழித்துவிட்டு அந்தச் சொற்களாலேயே மீட்டுப் பாருங்கள், சரியாக வந்தால் மீதியை மாற்றலாம். காகிதம் பேங்க் லாக்கருக்கு. போட்டோ எடுக்கவே கூடாது. அப்புறம் சிம். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் தொடாமல் விட்டால் அது துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம், ஓடிபியும் கூடவே போகும். சிம் இல்லாமல் போனிலேயே லாகின் எண்ணை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாறிவிடுங்கள். லாக்கர் விஷயம் வீட்டில் ஒருவருக்காவது தெரியட்டும்.