குக்கர் விசிலும் குழந்தையின் காதும்: வாசகர் கேள்வி பதில்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் ஒலிக்கூச்சம் பற்றி வந்த கேள்விகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்குப் பழக்கும் சிகிச்சை), செவித்திறன் துறைகளில் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

என் நாலு வயது மகன் குக்கரை அடுப்பில் ஏற்றினாலே காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறான். ஆனால் டிவியை அலறவிட்டுப் பார்க்கிறான். "எல்லாம் நடிப்பு" என்கிறார் மாமியார். (வாசகி, திண்டுக்கல்)

நடிப்பில்லை. டிவியின் ரிமோட் அவன் கையில் இருக்கிறது. குக்கர் எந்த நொடியில் கத்தும் என்பது உங்களுக்கே தெரியாது. "இப்போ வருமோ, இப்போ வருமோ" என்ற காத்திருப்புதான் விசிலைவிட அவனை அதிகம் வாட்டுகிறது. மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டில், ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களிலேயே ஒலி போன்ற புலனுணர்வுகளுக்கான அதீத எதிர்வினை சேர்க்கப்பட்டுவிட்டது. மாமியாரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காதில் தொற்றோ நடுக்காதில் நீரோ இருந்து, அதைச் சொல்லத் தெரியாமலும் குழந்தை காதைப் பொத்தலாம். கேட்கும் திறன் சரியாக இருக்கிறது என்று அறிக்கை வந்தாலும் கூச்சம் பொய்யாகிவிடாது. எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்பதைத்தான் வழக்கமான பரிசோதனை அளக்கிறது. எவ்வளவு ஒலியைத் தாங்க முடியும் என்பது வேறு கணக்கு.

அடுப்படியில் செய்யக்கூடியது இது. துவரம்பருப்பை அரைமணி நேரம் ஊறவையுங்கள். குக்கரில் ஆவி சீராக வந்ததும் வெயிட்டைப் போட்டு, அது லேசாக அசையும்போதே தீயை சிம்மில் வைத்தால் பெரும்பாலும் விசில் அடிக்காமலே பத்து நிமிடத்தில் வெந்துவிடும். விசில் தவிர்க்க முடியாத நாளில் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு அவனிடம் கொடுங்கள். ஒவ்வொரு விசிலுக்கும் ஒன்றை அடித்துக்கொண்டே வரட்டும். மூன்றோடு முடியும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். சத்தத்தை அமுக்க வெயிட்டின் மேல் துணி போடுவது, கரண்டியால் அழுத்துவது கூடவே கூடாது. ஆவி போகும் வழி அடைந்தால் குக்கர் வெடிக்கும்.

மிக்ஸி சத்தத்துக்குப் பழக்குவது எப்படி? பக்கத்தில் உட்காரவைத்தே அரைத்தால் பழகிவிடும் என்கிறார்கள். (வாசகி, கோவில்பட்டி)

பழகாது, பயம்தான் முற்றும். அடுத்த முறை ஜாரைப் பார்த்தாலே அழுவான்.

மிக்ஸி ஓடுவதை செல்போனில் 20 நொடி பதிவு செய்யுங்கள். அவனுக்குப் பிடித்த விளையாட்டின் நடுவே, மிகக் குறைந்த ஒலியில், நீங்களல்ல, அவனே ஒலிக்கவிட்டு அவனே நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். மூன்று நாள் தொடர்ந்து அமைதியாக இருந்தால் ஒரு படி ஒலியைக் கூட்டலாம். கை காதுக்குப் போனால் பழைய படிக்கே இறங்குங்கள். பிறகு உண்மையான மிக்ஸி: முதலில் அவன் அடுத்த அறையில், கதவு மூடி; அடுத்து கதவு திறந்து; கடைசியில் "5, 4, 3, 2, 1" எண்ணி ஸ்விட்சை அவன் விரலாலேயே போடவைத்து. இதற்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். காய்ச்சலோ தூக்கக்குறைவோ இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம்.

இடையில் வீட்டு வேலை நிற்கக் கூடாதே! மிக்ஸிக்கு அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு போட்டால் மேடையின் அதிர்வு குறையும். பெட்டியால் மூடிவிடாதீர்கள், மோட்டார் சூடேறிவிடும்.

ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தோம். இப்போது தூங்கும்போதும் கழற்ற மறுக்கிறாள். (வாசகர், தாம்பரம்)

நாள் முழுக்க காதை மூடியிருந்தால், குறைவாக வரும் ஒலியை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். கழற்றியதும் சாதாரணப் பேச்சுகூட இரைச்சலாகத் தெரியும். அதற்காக ஒரே நாளில் பிடுங்கிவிட வேண்டாம். வீட்டின் அமைதியான நேரத்தில் முதலில் 5 நிமிடம், பிறகு 10 நிமிடம் என்று கழற்றப் பழக்குங்கள். திருமண மண்டபம், ஸ்டேஷன் போன்ற இடங்களுக்கு அது இருக்கட்டும். சாலையில் போட்டிருந்தால் வண்டிச் சத்தம் கேட்காது, கையை விடாதீர்கள்.

எது வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. இரைச்சலை ரத்து செய்யும் மின்னணு ஹெட்ஃபோன் பேருந்து எஞ்சின், ஏசி போன்ற சீரான உறுமலைத்தான் நன்றாகக் குறைக்கும். பட்டாசு போன்ற திடீர் வெடிப்புக்கு, காதை முழுதாக மூடும் மின்னணு இல்லாத சாதாரண இயர்மஃப்தான் மேல். பெட்டியில் 25 டெசிபல் (ஒலியின் அளவு) குறைக்கும் என்று இருந்தாலும் நடைமுறையில் பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னலோ கண்ணாடிக் காம்போ இயர்மஃப்புக்கும் தலைக்கும் இடையில் சிக்கினால் அந்த இடுக்கு வழியே ஒலி நுழையும். நம் வெயிலில் வியர்வைபட்டு இயர்மஃப்பின் மெத்தை இறுகிவிட்டாலும் இதே கதைதான். காதில் பஞ்சு வைப்பது பெரிதாகப் பயன்படாது, உள்ளே சிக்கிக்கொள்ளும் தொல்லை வேறு.

தீபாவளியை எப்படிச் சமாளிப்பது? (பல வாசகர்கள்)

பட்டாசு வெடித்த இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல் வரை சத்தத்தைச் சட்டமே அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் வெடிக்க காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் குறித்திருக்கிறார்கள். தெரு அதற்குக் கட்டுப்படாது என்பதும் தெரிந்ததே. எனவே மூன்று வாரம் முன்பே இயர்மஃப் பழக்கத்தைத் தொடங்குங்கள், 2 நிமிடத்திலிருந்து. வெடி தொடங்கிய பிறகு தலையில் மாட்டினால் குழந்தை தட்டிவிடும்.

தெருவுக்கு எதிர்ப்பக்க அறையைத் தேர்ந்தெடுங்கள். திரைச்சீலையைவிட இடுக்குகளை அடைப்பது முக்கியம்: கதவடியில் சுருட்டிய துண்டு, ஜன்னலில் சாய்த்து நிறுத்திய மெத்தை. ஃபேனோ ஏர்கூலரோ ஓடினால் அதன் சீரான ஒலி தூரத்து வெடிகளை ஓரளவு மறைக்கும். அழுகை உச்சத்தில் இருக்கும்போது சமாதானப் பேச்சும் இன்னொரு சத்தம்தான். பேசாமல் பக்கத்தில் இருங்கள். மறுநாள் தெரபி, விருந்து எதுவும் வைக்காதீர்கள்.

வகுப்பில் இயர்மஃப் போடக் கூடாது என்கிறது பள்ளி. (வாசகி, சேலம்)

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தரவேண்டும் என்கிறது. ஆட்டிசம் அதன் பட்டியலில் இருக்கிறது. சண்டையாக அல்லாமல் எழுத்தாகக் கேளுங்கள். மணியிலிருந்து தள்ளிய இருக்கை, மணி அடிக்க 2 நிமிடம் முன்பு ஆசிரியரின் சைகை, பிரேயர் கூட்டத்தில் ஸ்பீக்கருக்கு எதிர்முனையில் இடம், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி. இந்த நான்கும் கிடைத்துவிட்டால் இயர்மஃப் பெரும்பாலும் பையிலேயே கிடக்கும்.