2,147,483,647: ஒரு பகா எண்ணும் ஆய்லரின் சல்லடையும்

கேள்வி: நேர், எதிர் எண்கள் இரண்டையும் 32 பிட்டில் எழுதும்போது கிடைக்கும் மிகப் பெரிய முழு எண் 2,147,483,647 என்றும், 2-இன் 31ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வருவது அது என்றும், அது பகா எண் என்றும் உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன் சொன்னான். 31 பகா எண் என்பதால்தான் இதுவும் பகா எண்ணாயிற்றா? கணினி இல்லாத காலத்தில் இதை யாரேனும் சரிபார்த்திருக்க முடியுமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான். இருந்தும் 2-இன் 11ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்து வரும் 2,047, 23 × 89 என்று பிரிந்துவிடுகிறது. இவ்வாறு பகா எண் தரும் அடுக்குகள் என்று பிரெஞ்சுத் துறவியும் கணித அறிஞருமான மெர்சென் 1644இல் தந்த பட்டியலில் 31 சரியாகவே இடம்பெற்றது; 67, 257 ஆகியவை தவறாக இடம்பெற்றன. ஆகவே நிரூபணம் தேவைப்பட்டது. அதை 1772இல் தந்தவர், அப்போது ஏறத்தாழ முழுமையாகவே பார்வையை இழந்திருந்த சுவிஸ் கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர்.

நேர்வழியில் போனால், நம் எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை 4,700-க்கும் அதிகம். ஆய்லர் அவற்றைச் சலித்தெடுத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு பகா எண் நம் எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 2-இன் 31ஆம் அடுக்கை அதனால் வகுத்தால் மீதி 1 வரும். 31 பகா எண் என்பதால் அதற்குக் கீழுள்ள எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி, வகுத்தியைவிட ஒன்று குறைவான அடுக்கிலும் மீதி 1 வந்தாக வேண்டும் என்பதால், அந்த அடுக்கு 31-இன் மடங்காகிறது; அது இரட்டைப்படை எண்ணும் ஆதலால் 62-இன் மடங்காகிறது. 2,047-இலும் இதையே காணலாம்: 23 என்பது 22-ஐவிட ஒன்று அதிகம், 89 என்பது 88-ஐவிட ஒன்று அதிகம்; 22, 88 இரண்டுமே 11-இன் இரு மடங்கான 22-இன் மடங்குகள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. 2-இன் 32ஆம் அடுக்கு மீதி 2 தரும். 32 இரட்டைப்படை என்பதால் அந்த அடுக்கு ஒரு வர்க்க எண் (2-இன் 16ஆம் அடுக்கின் வர்க்கம்); ஆகவே அந்த வகுத்தியைப் பொறுத்தவரை 2 ஒரு வர்க்க எண்ணைப் போல நடந்துகொள்கிறது. அத்தகைய பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும் (23, 89 இரண்டும் இதற்கும் பொருந்துகின்றன). இரு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தரும் பகா எண்களைச் சோதித்தாலே போதும். மலைபோல் நின்ற வேலை நூறு வகுத்தல்களுக்குள் அடங்கிவிட்டது. எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு, பகா எண் என்று நிரூபிக்கப்பட்டவற்றுள் இதுவே மிகப் பெரியதாக இருந்தது.

உங்கள் மகனுடன் ஒரு தாளில் தொடங்கிப் பாருங்கள். 1,300 வரை சோதிக்க வேண்டிய பகா எண் 311 ஒன்றுதான். அதனால் வகுத்தால் மீதி 35. அடுத்தது 1,303.