புள்ளி குறைவெண்டால் ஆய்வுகூடத்தில எடுக்காயினமோ?

தங்கச்சி, முல்லைத்தீவில ஏ.எல். முடிச்சு, ஸ்பொன்சரில ரொறன்ரோ வந்து, இப்ப உயிரியல் இரண்டாம் வருசம் எண்டு எழுதியிருந்தியள். ஆராய்ச்சி செய்ய ஆசை, புள்ளி சுமார், பேராசிரியர் ஆரையும் தெரியாது, மாமா ஃபார்மசிக்குப் போகச் சொல்றார் எண்டும். மாமாவுக்குப் பிறகு வாறன்.

முதல் அலுவல் ஈமெயில். நான் விசுவமடுவில இருந்து வந்த புதுசில ஒரே கடிதத்தைப் பேரை மட்டும் மாத்தி 40 பேருக்கு அனுப்பினன். ஒருத்தருக்குப் பேரை மாத்தவும் மறந்துபோனன். ஒரு பதிலும் வரேல்ல. பிறகு, நிலத்தடி நீர் பற்றி ஒரு பேராசிரியை எழுதின கட்டுரையை அகராதியோட மூண்டு நாள் இருந்து வாசிச்சு, எங்கட கிணத்துத் தண்ணி கொதிக்கேக்க கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுறதை வைச்சு ஒரு கேள்வி எழுதினன். அடுத்த நாளே வரச் சொன்னா. படியுறது கல்சியம் காபனேற்று, அது ஏ.எல். இரசாயனம்தான். வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோய்க்குத் தண்ணிதான் காரணமோ எண்டு இன்னும் முடிவாகேல்ல எண்டு சொல்லத்தான் கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்டா.

மூண்டு மாதம் போத்தில் கழுவினன். ஒருநாள் 48 குழாயைப் பேரெழுதாமல் உறைபெட்டிக்குள்ள வைச்சிட்டன். ஒரு கிழமை வேலை நாசம். இரண்டு நாள் வாய் திறக்கேல்ல. பிழைவிட்டால் தலையைக் குனிஞ்சு நிக்கத்தானே எங்களைப் பழக்கினவை. சொன்னாப் பிறகு அவ கேட்டது, "முந்தாநாளே ஏன் சொல்லேல்ல?" எண்டு மட்டும்தான். மரியாதைக்குப் பேசாமல் இருந்தாலும் இஞ்ச விருப்பமில்லை எண்டுதான் எடுப்பினம்.

காசு விசயம். என்செர்க் எண்ட கனடா அரசின்ர ஆராய்ச்சி நிதிச் சபை, கம்பசில முதல் பட்டம் படிக்கிற பிள்ளையள் ஆய்வு செய்யத் தாற யு.எஸ்.ஆர்.ஏ. எண்டு ஒரு விருது இருக்கு. 14 தொடக்கம் 16 கிழமை, முழுநேரம், சம்பளத்தோட. உங்களுக்கு நிரந்தர வதிவிடம் இருக்கிறபடியால் போடலாம். மாணவர் விசாக்காரர் போடேலாது. முதல்ல ஒரு பேராசிரியர் சம்மதிக்க வேணும். கடைசித் திகதி கம்பசுக்குக் கம்பஸ் வேற, அதால வாற கோடைக்கு மார்கழிக்குள்ளயே எழுதுங்கோ. புள்ளி பார்ப்பினம், பொய் சொல்லேல்ல. சரிவராட்டி பேராசிரியர் தன்ர ஆய்வுக் காசில எடுக்கிறதும் நடக்கும்.

மாமாவிட்ட சொல்லுங்கோ, அறிவியல்ல கலாநிதிப் படிப்புக்கு இஞ்ச பெரும்பாலும் உதவித்தொகை தருவினம். ரொறன்ரோ வாடகைக்கு அது இழுபறிதான், அதையும் ஒளிக்காதேங்கோ.

ஈமெயிலை எழுதினால் முதல் எனக்கு அனுப்புங்கோ. பேர் சரியோ எண்டாவது பாக்கிறன்.