கேமரா எப்படி பாக்குது, எங்க கோட்டை விடுது: உங்க கேள்விகளுக்கு பதில்

தொழிற்சாலை லைன் மேல கேமரா மாட்டி நல்ல பீஸ் எது கெட்ட பீஸ் எதுன்னு பிரிக்கிற வேலையில பதினாறு வருஷமா இருக்கேன். கம்ப்யூட்டர் விஷன், அதாவது படத்துல என்ன இருக்குன்னு கம்ப்யூட்டர கண்டுபிடிக்க வைக்கிறது, அத பத்தி கேள்வி கேக்க சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு. ஒண்ணொண்ணா சொல்றேன்.

கேள்வி: அண்ணா, ரொம்ப அடிப்படையான சந்தேகம். போட்டோவுல இருக்குறது பூனைன்னு கம்ப்யூட்டருக்கு எப்படி தெரியுது?

பதில்: இது புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் பாதி புரிஞ்ச மாதிரி தம்பி. கம்ப்யூட்டருக்கு பூனையும் தெரியாது போட்டோவும் தெரியாது, அதுக்கு கிடைக்கிறது வெறும் நம்பர் கட்டம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு நம்பர், பொதுவா 0-லேர்ந்து 255 வரைக்கும். 1957-ல ரஸ்ஸல் கிர்ஷ்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் தன்னோட கைக்குழந்தை போட்டோவ ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தினார், 176-க்கு 176 பிக்சல்தான். அன்னிக்கும் இன்னிக்கும் உள்ள போறது நம்பர் மட்டும்தான்.

அந்த நம்பர் எங்க சட்டுனு மாறுதோ அது ஒரு ஓரம், ஓரங்கள் சேந்தா வளைவு, வளைவுகள் சேந்தா காது மாதிரி கண்ணு மாதிரி ஏதோ ஒண்ணு, இப்படி நியூரல் நெட்வொர்க்னு சொல்ற கணக்கு அடுக்குகள் வழியா படிப்படியா ஏறிப் போகும். எந்த ஓரம் முக்கியம்னு நாம சொல்லித் தர்றதில்ல. பேர் எழுதின போட்டோவ லட்சக்கணக்குல காட்டுவோம், அது ஒரு பதில் சொல்லும், தப்பா இருந்தா உள்ள இருக்குற எண்கள கொஞ்சமா திருத்திட்டு மறுபடி காட்டுவோம், இப்படியே போய்ட்டே இருக்கும். அதனால நாம என்னத்த காட்டினோமோ அதத்தான் அது கத்துக்கும். 2016-ல ஒரு ஆராய்ச்சியில வேணும்னே பனிமேல நிக்கிற ஓநாய் போட்டோவா பொறுக்கி எடுத்து ட்ரெய்ன் பண்ணாங்க. அப்புறம் பனியில நிக்கிற நாயக் காட்டினா அதையும் ஓநாய்னுச்சு. அது பாத்தது மிருகத்த இல்ல, பனிய. இத ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: இவ்ளோ நாள் இல்லாம இப்ப பத்து பன்னெண்டு வருஷத்துல மட்டும் ஏன் இந்த வேகம்?

பதில்: முயற்சி பழசுதான். 1966-லயே அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல ஒரே கோடை விடுமுறைக்குள்ள கம்ப்யூட்டர பாக்க வைக்கிறத ஓரளவு முடிச்சிடலாம்னு மாணவர்கள வச்சு ஒரு ப்ராஜெக்ட் போட்டாங்க, முடியல. 2009-ல ஃபெய் ஃபெய் லீன்ற ஆராய்ச்சியாளரோட குழு இமேஜ்நெட்னு ஒரு பெரிய போட்டோ தொகுப்ப வெளியிட்டாங்க, அப்புறம் அது ஒரு கோடியே நாப்பது லட்சம் படம் வரைக்கும் வளந்துச்சு. படத்துல என்ன இருக்குன்னு சொல்றதுக்கு அத வச்சு வருஷா வருஷம் போட்டி நடந்துச்சு. 2012-ல அலெக்ஸ்நெட்ன்ற நியூரல் நெட்வொர்க் வந்து தப்பு விகிதத்த 15.3 சதவீதத்துக்கு கொண்டு வந்துச்சு, ரெண்டாவது வந்தவங்க 26.2. அலெக்ஸ்நெட் குழு வச்சிருந்தது கேம் விளையாட வாங்குற ரெண்டு கிராஃபிக்ஸ் கார்டு. நிறைய படம், வேகமான சிப், நியூரல் நெட்வொர்க்ன்ற பழைய ஐடியா, மூணும் ஒரே நேரத்துல வந்து சேந்ததுதான் காரணம்.

கேள்வி: க்யூஆர் கோட் ஸ்கேன் பண்றதும் கம்ப்யூட்டர் விஷன்தானா?

பதில்: ஆமா, தினமும் ஜனங்க அதிகமா தொடுற விஷனே அதுதான்னு நான் சொல்வேன். 1994-ல ஜப்பான்ல கார் உதிரி பாகங்கள கணக்கு வைக்க கண்டுபிடிச்சது. மூணு மூலையில இருக்குற சதுரத்து மேல எந்தப் பக்கமா கோடு போட்டு பாத்தாலும் கறுப்பு வெள்ளை 1:1:3:1:1-னு வரும், அதனால தலைகீழா காட்டினாலும் போன் கண்டுபிடிச்சிடும். கொஞ்சம் கிழிஞ்சிருந்தாலும் படிக்கும்.

கேள்வி: போன் ஃபேஸ் லாக்க என் போட்டோவ காட்டி திறந்திட முடியுமா சார்?

பதில்: எந்த மாதிரி லாக்குன்றத பொறுத்தது. 2017-ல ஐபோன் எக்ஸ்ல வந்தது மாதிரியான முறையில கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு புள்ளி 30,000-க்கு மேல முகத்து மேல வீசி மேடு பள்ளத்த அளக்கும், தட்டையான போட்டோ அதுகிட்ட செல்லாது. வெறும் முன்பக்க கேமராவ மட்டும் நம்புற போன்கள்ல சிலது ஏமாறும். பேங்க் ஆப்புக்கு கைரேகையோ பின் நம்பரோ வச்சுக்கோங்க.

கேள்வி: அண்ணா நான் ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்ஷன்ல இருக்கேன், ரப்பர் வாஷர் பாக்குறது. கேமரா வரப்போகுதுன்றாங்க. எங்க வேலை போயிடுமா?

பதில்: நேராவே சொல்றேன், நாள் முழுக்க பீஸ பாத்துட்டே இருக்குற வேலை குறையும். இத மனுஷன் செய்யுறதே கஷ்டம். ஒரே மாதிரியான பொருள உத்துப் பாத்துட்டே இருந்தா அரை மணி நேரத்துலயே கவனம் இறங்க ஆரம்பிக்குதுன்னு 1948-லயே நார்மன் மேக்வொர்த்ன்ற உளவியல் ஆராய்ச்சியாளர் சோதனை பண்ணி காட்டிட்டார், எட்டு மணி நேர ஷிப்ட்ட யோசிச்சு பாருங்க. ஆனா குவாலிட்டி தெரிஞ்ச ஆள் தேவையில்லன்னு நினைக்கிற மேனேஜ்மென்ட் பெரிய தப்பு பண்ணுது, அது எனக்கு அனுபவத்துல தெரியும்.

ஒரு பாட்டில் லைன்ல மூடி சரியா உக்காந்திருக்கான்னு பாக்குற சிஸ்டம் போட்டோம். காலையில எல்லாம் அருமையா ஓடும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒரு இருபது நிமிஷம் நல்ல பாட்டிலா பாத்து தள்ளி விடும், அப்புறம் தானா சரியாயிடும். ரெண்டு நாள் ப்ரோக்ராமையே நோண்டிட்டு இருந்தோம், எவ்ளோ இடைவெளி வரைக்கும் பரவாயில்லன்ற எல்லைய மாத்தினோம், கேமராவையே மாத்தினோம். மூணாவது நாள் லைன்ல நிக்கிற ஒரு அக்கா வந்து கையப் புடிச்சு கூட்டிட்டுப் போய் மேல காட்டினாங்க. கூரையில வெளிச்சத்துக்காக ஒரு ஷீட் மட்டும் ஃபைபர்ல போட்டிருந்தாங்க, நாலு மணிக்கு வெயில் அது வழியா சாஞ்சு வந்து சரியா பாட்டில் கழுத்துல ஒரு வெள்ளைக் கோடு போட்டுச்சு. கேமரா அத மூடிக்கும் கழுத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளின்னு எடுத்துக்கிச்சு. கறுப்பு அட்டையில ஒரு பெட்டி செஞ்சு கவுத்தோம், அத்தோட பிரச்சனை தீந்துச்சு. அந்த அக்காவுக்கு கோடிங் தெரியாது, ஆனா அந்த பாட்டில தெரியும், அந்த இடத்த தெரியும்.

அதனால நீங்க இப்பவே ஒரு வேலை பண்ணுங்க. எந்தெந்த மாதிரி டிஃபெக்ட் வருது, எது கஸ்டமர் திருப்பி அனுப்புறது, எது பாக்க அசிங்கமா இருந்தாலும் ஓடுறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் அசல் பீஸ் எடுத்து பேர் எழுதி ஒரு பெட்டியில சேத்து வைங்க. கேமரா போட வர்றவங்களுக்கு மொதல்ல கிடைக்காதது அதுதான். நல்ல பீஸ் லட்சம் கிடைக்கும், கெட்ட பீஸ் பத்து கூட தேறாது. அந்த பெட்டி யாருகிட்ட இருக்கோ அவங்க இல்லாம அந்த சிஸ்டத்த ஓட்ட முடியாது.

கேள்வி: எங்க அம்மாவுக்கு சுகர். கண் பின்பக்கத்த போட்டோ எடுத்து ஏஐயே சொல்லிடும்னு சொல்றாங்க, நம்பலாமா?

பதில்: இந்த ஒரு விஷயத்துல எனக்கு நிஜமாவே நம்பிக்கை உண்டு. சுகரால விழித்திரை கெட்டுப் போறது ஆரம்பத்துல வலியோ மங்கலோ காட்டாது, காட்டும்போது லேட் ஆயிருக்கும், அதனால நிறைய பேர சீக்கிரம் பரிசோதிக்கணும், அவ்ளோ கண் டாக்டர் உலகத்துல இல்ல. 2016-ல வந்த ஒரு ஆய்வுல சுமார் 1,28,000 விழித்திரை படங்கள வச்சு ட்ரெய்ன் பண்ணின நெட்வொர்க் கண் டாக்டர்கள் அளவுக்கு சரியா சொல்லுச்சு. 2018-ல டாக்டர் கூட இல்லாம தானே முடிவு சொல்ற ஒரு கருவிக்கு அமெரிக்காவுல அனுமதியும் குடுத்தாங்க.

ஆனா ஆய்வகம் வேற, க்ளினிக் வேற. தாய்லாந்துல க்ளினிக்குகள்ல இதே மாதிரி ஒரு சிஸ்டத்த போட்டப்ப 21 சதவீதம் படங்கள "தெளிவா இல்ல"ன்னு அது தள்ளிடுச்சு, ஏன்னா பல இடத்துல அறைய சரியா இருட்டு பண்ண முடியல. மறுபடியும் வெளிச்சம்தான் பாருங்க. அம்மாவுக்கு தாராளமா எடுங்க. "படம் தெளிவா இல்ல"ன்னு வந்தா அத "ஒண்ணும் இல்ல"ன்னு எடுத்துக்காதீங்க, டாக்டர்கிட்ட நேர்ல காட்டிடுங்க. பார்வையில திடீர்னு மாற்றம்னா மெஷினுக்காக காத்திருக்கவே கூடாது.

கேள்வி: கிரிக்கெட்ல எல்பிடபிள்யூ பந்து ஸ்டம்ப்ல படுமான்னு காட்டுறது எவ்ளோ உண்மை?

பதில்: கால்ல படுற வரைக்கும் அளவு, அதுக்கப்புறம் கணிப்பு. மைதானத்த சுத்தி இருக்குற பல கேமராவுல பந்து எங்க தெரியுதுன்னு பாத்து, அந்த கோணங்கள் வெட்டிக்கிற இடத்த வச்சு முப்பரிமாணத்துல இடத்த கண்டுபிடிக்கும். கால்ல பட்டதுக்கு அப்புறம் உண்மையான பாதைன்னு ஒண்ணே கிடையாது, அதனாலதான் பந்துல பாதிக்கும் கம்மியா ஸ்டம்ப்ல படுற மாதிரி காட்டினா அம்பயர் சொன்னதே நிக்கும். நிறைய பேருக்கு இது கோவம் வருது, எனக்கு இது ரொம்ப நேர்மையான விதியா தெரியுது. மெஷின் எங்க உறுதியா சொல்ல முடியாதுன்றத விதிக்குள்ளயே எழுதி வச்சிருக்காங்க, மத்த துறையிலயும் இப்படி செஞ்சா எவ்ளோ நல்லா இருக்கும்.

கேள்வி: டிரைவர் இல்லாத கார் எப்ப முழுசா வரும்?

பதில்: சில ஊர்கள்ல குறிப்பிட்ட ஏரியாவுக்குள்ள ஓடிட்டுதான் இருக்கு. எல்லா ரோட்டுலயும் எல்லா மழையிலயும் ஓடுறது எப்பன்னு தேதி சொல்றவங்கள நான் நம்புறதில்ல. 2018-ல அமெரிக்காவுல அரிசோனாவுல ஒரு சோதனை கார் ராத்திரி சைக்கிள தள்ளிட்டு ரோட்ட கடந்த ஒரு பெண்ண மோதி அவங்க இறந்துட்டாங்க. விசாரணை அறிக்கைய நான் முழுசா படிச்சேன், மனசு கனத்துப் போச்சு. மோதுறதுக்கு 5.6 விநாடி முன்னாடியே சென்சார் அவங்கள பாத்திடுச்சு. ஆனா ஒரு தடவ வண்டின்னுச்சு, ஒரு தடவ வேற ஏதோன்னுச்சு, ஒரு தடவ சைக்கிள்னுச்சு. பேர் மாறுறப்பல்லாம் அதுக்கு முன்னாடி அவங்க எப்படி நகந்தாங்கன்ற பழைய தடத்த தூக்கிப் போட்டுட்டு புதுசா ஆரம்பிச்சுச்சு, அதனால அவங்க குறுக்க வர்றாங்கன்னே கணக்கு போடல. கார கண்காணிக்க உள்ள உக்காந்திருந்தவங்களும் ரோட்ட பாக்கல. பாத்தா மட்டும் போதாது, பாத்தது என்னன்னு தெரியாதப்ப என்ன செய்யணும்ன்றதையும் எழுதணும்.

கேள்வி: கேமராவுல முகத்த பாத்து திருடனப் பிடிக்கிறது நல்லதுதானே?

பதில்: உங்க முகம்தானான்னு உங்க போனே சரி பாக்குறது ஒண்ணுக்கு ஒண்ணு. கூட்டத்துல இருந்து ஆள தேடுறது ஒண்ணுக்கு லட்சம், ரெண்டும் வேற வேற கதை. ஆயிரத்துல ஒரு தடவதான் தப்புன்னு வச்சுப்போம், ஒரு லட்சம் முகத்தோட ஒப்பிட்டா நூறு அப்பாவிங்க பேர் வந்து நிக்கும். 2018-ல ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரூன்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மூணு கம்பெனி சாஃப்ட்வேர சோதிச்சாங்க, முகத்த பாத்து ஆணா பெண்ணான்னு சொல்றதுக்கே, வெளுத்த தோல் ஆண்கள்ல தப்பு 0.8 சதவீதத்துக்குள்ள, கறுத்த தோல் பெண்கள்ல 34.7 வரைக்கும். 2020 ஜனவரியில அமெரிக்காவுல டெட்ராய்ட்ல மங்கலான சிசிடிவி படத்த வச்சு சாஃப்ட்வேர் சொன்ன ஒரு ஆள அவரோட குழந்தைங்க கண்ணு முன்னாடி கைது பண்ணி முப்பது மணி நேரம் வச்சிருந்தாங்க, அவர் அந்த ஆளே இல்ல. அவர் போட்ட வழக்குல 2024-ல வந்த சமரசத்துக்கு அப்புறம் அங்க வெறும் முக ஒப்பீட்ட மட்டும் வச்சு கைது பண்ணக் கூடாது. இது எல்லா ஊர்லயும் சட்டமா இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு கண் பார்வை இல்ல. அவனுக்கு இதுல ஏதாவது உபயோகம் இருக்காண்ணா?

பதில்: நிறையவே இருக்கும்மா. சீயிங் ஏஐ மாதிரி ஆப்கள் லெட்டர படிச்சு காட்டும், ரூபாய் நோட்ட சொல்லும், எதிர்ல என்ன இருக்குன்னு விவரிக்கும். யாரையும் கேக்காம தனக்கு வந்த லெட்டர தானே படிக்கிறதுன்னா சும்மாவா. ஒண்ணே ஒண்ணு சொல்லி வைங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லாம தப்ப தைரியமா சொல்ற பழக்கம் இதுங்களுக்கு உண்டு, அதனால மாத்திரை பேர், காலாவதி தேதி, ரோடு கடக்குறது, இதுக்கு மட்டும் ஒரு மனுஷன் கண்ணும் வேணும்.

கேள்வி: அண்ணா, மேல வாஷர் பத்தி கேட்டது நான்தான். கறுப்பு ரப்பர், பெல்ட்டும் கறுப்பு. ஓரம் கிழிஞ்சத கேமராவால பாக்கவே முடியாதுன்னு வந்தவங்க சொல்லிட்டாங்க, நிஜமா?

பதில்: மேலேர்ந்து லைட் போட்டா முடியாதுதான். பெல்ட்ல ஒரு இடத்துல கண்ணாடித் தட்டு வச்சு அதுக்கு கீழேர்ந்து லைட் குடுக்க சொல்லுங்க. வாஷர் நிழலுருவமா தெரியும், ஓரத்துல கிழிசல் இருந்தா பல்லு மாதிரி வெள்ளையா தெரிஞ்சிடும். மேல்பரப்பு வெடிப்புக்கு இது உதவாது, அதுக்கு தனியா வட்டமான ரிங் லைட் ஒண்ண ரொம்ப தாழ்வா சாய்வா வைக்கணும். அப்புறம் வேகம், விநாடிக்கு 500 மில்லிமீட்டர் ஓடுற பெல்ட்ல எக்ஸ்போஷர், அதாவது கேமரா வெளிச்சத்த உள்ள வாங்குற நேரம், ஒரு மில்லிசெகண்ட் வச்சா படம் அரை மில்லிமீட்டர் இழுத்துக்கும், 0.1 மில்லிமீட்டர் கிழிசல் அதுல காணாமப் போயிடும், அதனால 0.2 மில்லிசெகண்டுக்கும் நல்லா கம்மியா வைக்கணும், பளிச்சுனு ஒரு நொடிக்கும் கம்மியா மின்னி அணையுற ஸ்ட்ரோப் லைட் கேளுங்க. ரிஜெக்ட் ஆன ஒவ்வொரு பீஸ் படத்தையும் தேதி நேரத்தோட சேவ் பண்ண சொல்லுங்க, மொத ரெண்டு வாரம் ஷிப்ட் முடிஞ்சதும் லைன் ஆளுங்களோட உக்காந்து ஒண்ணு விடாம பாருங்க.